பின் தோட்டத்தில் 22 பேருக்கு பார்பிக்யூ: கரி அடுப்பு பற்றி ஒன்றும் தெரியாது, உதவுங்கள்

புதுவீட்டுக்காரன் (ஹேரோ) | ஜூன் 14, இரவு 10.40

வணக்கம். போன அக்டோபரில்தான் லண்டனில் ஹேரோ பகுதியில் வீடு வாங்கினோம். பத்து வருடம் அடுக்குமாடியில் கிடந்தவர்களுக்கு இப்போதுதான் பின்னால் ஒரு தோட்டம் என்று கிடைத்திருக்கிறது. நாற்பதடி நீளம் இருக்கும். பாதி புல், பாதி கல் பாவிய தரை, கடைசியில் வேலியை ஒட்டி ஒரு மரக்கொட்டகை. வெயில் வந்ததும் வீட்டம்மா "எல்லாரையும் கூப்பிட்டு ஒரு பார்பிக்யூ போட்டுவிடலாம்" என்றாள். நானும் யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டிவிட்டேன். எட்டுப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். கணக்கு இப்போது 22-இல் நிற்கிறது. அதில் குழந்தைகள் 6. சைவம் 7 பேர். அந்த ஏழில் இரண்டு பேர் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஹலால் மட்டும். மாடும் பன்றியும் எப்படியும் கிடையாது.

கையில் இருப்பது பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன 57 செ.மீ. வெபர் ஒன்று, அந்த உருண்டையான கரி அடுப்பு. இதுவரை நான் கரியில் வறுத்தது ஒரு அப்பளம், அதுவும் ஊரில், பாட்டி பக்கத்தில் நின்றபோது. ஜூலை 18, சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். எதை வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது? பேசாமல் ஒரு கேஸ் அடுப்பு வாங்கிவிடலாமா?

கரிக்கட்டை (குரோய்டன்) | ஜூன் 14, இரவு 11.15

சும்மா கிடைத்த வெபரை வைத்துக்கொண்டு கேஸ் அடுப்புக்கு ஏன் செலவு? நல்ல சாமான் அது. துருவைத் தேய்த்துவிட்டு, அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் திறந்து மூடுகின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

என் முதல் கூத்தைச் சொல்கிறேன். கரியைக் குவித்து, அந்தப் பற்றவைக்கும் திரவத்தை அரை பாட்டில் ஊற்றினேன். குபீரென்று எரிந்தது. ஆகா என்று கொழுந்துவிட்டு எரியும்போதே கோழியைத் தூக்கிப் போட்டேன். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு, வாயில் வைத்தால் மண்ணெண்ணெய். எங்கள் மாமா ஒருவர் ஒன்றுமே சொல்லவில்லை. மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய் "ரசஞ்சோறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

மறுநாளே சிம்னி ஸ்டார்ட்டர் வாங்கினேன். கைப்பிடி வைத்த ஒரு தகர உருளை, அவ்வளவுதான். மேலே கரியை நிரப்ப வேண்டும், அடியில் கசக்கிய செய்தித்தாளோ தீமூட்டும் கட்டியோ வைத்துப் பற்றவைக்க வேண்டும். மரக்கரி என்றால் 15, 20 நிமிடம். பிரிக்கெட் (கரித்தூளைக் கட்டியாக அழுத்தியது) என்றால் 25, 30. மேலே இருக்கும் கரியில் சாம்பல் பூத்ததும் அடுப்பின் ஒரு பக்கமாக மட்டும் கொட்டுங்கள். மறு பக்கம் காலியாக இருக்கட்டும். தணல் இருக்கும் பக்கம் மேலே சிவக்க வைக்க, காலியான பக்கம் மூடி போட்டு உள்ளே வேக வைக்க. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதும், தண்ணீர் தெளிக்கிற வேலை இல்லை.

முதல் தடவைக்கு பிரிக்கெட் வாங்குங்கள். பற்ற நேரம் எடுக்கும், ஆனால் ஒரே சீராக நின்று எரியும். மரக்கரி சீக்கிரம் பற்றி, நன்றாகச் சுட்டுவிட்டு, சீக்கிரம் போய்விடும். 22 பேருக்கு ஒரு சுற்றுத் தணல் போதாது. முதல் தணல் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே இரண்டாவது சிம்னியைப் பற்றவைத்துவிடுங்கள். இதை மறந்தால் பாதிப் பேர் தட்டோடு நிற்பார்கள், நீங்கள் அட்டையால் விசிறிக்கொண்டிருப்பீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூன் 15, காலை 7.05

கரியெல்லாம் அப்புறம் தம்பி. முதலில் தேதியைப் பார்.

ஜூலை 17-லேயே ஆடி பிறந்துவிடுகிறது. வருகிறவர்களில் ஆடி முழுக்க அசைவம் தொடாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாயா? இப்போது ஏழாக இருக்கும் சைவக் கணக்கு அன்றைக்குப் பன்னிரண்டாகிவிடும். அதுவும் சனிக்கிழமை. பெருமாளுக்கு, சனீஸ்வரனுக்கு என்று சனிக்கிழமை கறி எடுக்காத வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும். ஆடிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வை. நம் ஊரில் ஞாயிறுதானே கறி நாள்?

இலங்கைக் குடும்பங்கள் இருந்தால் அதற்கு அப்புறமும் சிக்கல்தான். ஆடி அமாவாசை, பிறகு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினால் 25 நாள் திருவிழா. இங்கே ஈலிங் அம்மன் தேரும் ஆகஸ்டில் வரும். கோடை முழுக்கத் திருவிழா. பார்பிக்யூவுக்கு என்று மிஞ்சுவது ஜூனும் ஜூலை முதல் பாதியும்தான்.

புதுவீட்டுக்காரன் | ஜூன் 15, காலை 8.30

அக்கா, இது என் மண்டையில் ஏறவே இல்லை. கேட்டதும் மூன்று பேர் "நாங்களே சொல்லலாம் என்றிருந்தோம்" என்கிறார்கள்! ஜூலை 12, ஞாயிறு, மதியம் 1 மணி என்று மாற்றிவிட்டேன்.

வரிசையில்_நிற்பவன் | ஜூன் 15, காலை 9.10

அன்றைக்கு விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம். நாலு மணிக்கு மேல் பாதிப் பேர் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நல்லதுதான், பாத்திரம் கழுவ நேரம் கிடைக்கும்.

தயிர்சாதம் (ரெடிங்) | ஜூன் 15, மதியம் 12.50

முட்டைக் கரண்டியைத் தொடாத கட்சியின் சார்பாக ஒரு வார்த்தை. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம். எத்தனையோ பார்பிக்யூவுக்குப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே காட்சி. அடுப்பின் ஓரத்தில் இரண்டு குடமிளகாய், ஒரு சோளம். பக்கத்தில் கோழிக்கால் கொழுப்பைச் சொட்டிக்கொண்டிருக்கும். அதே இடுக்கியால் அதையும் புரட்டி இதையும் புரட்டி, "உங்களுக்குத் தனியா வெச்சிருக்கேன்" என்று அன்பாகக் கொண்டுவந்து தருவார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் செடிகொடியைப் பார்ப்பது போல நடந்துபோய், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறப்பேன்.

ஆகவே அந்த ஏழு பேருக்கும் தனி அடுப்பு வையுங்கள். பெரிதாக வேண்டாம். வாளி அளவில் சின்னதாக விற்கிறார்கள், அது போதும். தனி இடுக்கி, தனித் தட்டு. யாராவது ஒருவர் அதற்கென்று நிற்க வேண்டும்.

கரிக்கட்டை | ஜூன் 15, மதியம் 1.20

தனி அடுப்பு என்றால் தனிக் கரி, தனி ஆள். ஏற்கெனவே முதல் தடவை செய்கிற மனுஷன். கம்பி வலையைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் முழுக்க சைவம், எல்லாம் முடிந்த பிறகு அதே தணலில் கோழி என்று வைத்தால் ஒரே அடுப்பில் முடிந்துவிடுமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

தயிர்சாதம் | ஜூன் 15, மதியம் 1.45

என் மாதிரி ஆளுக்குச் சரிதான். ஆனால் அந்த வலையில் பழைய வீட்டுக்காரர் இத்தனை வருடம் என்னென்ன வாட்டினாரோ! அவர் கட்டாயம் மாட்டிறைச்சி பர்கர் போட்டிருப்பார். அந்த இரண்டு பேர் கேட்கமாட்டார்கள், ஆனால் சாப்பிடவும் மாட்டார்கள். "வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தோம்" என்பார்கள். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. சைவம் ஏழு பேர் என்று ஏழு பேருக்குக் கணக்குப் போடாதீர்கள். பன்னீர் வாடை வந்ததும் அசைவக்காரர்கள்தான் முதலில் கை வைப்பார்கள். "உங்களுக்குத்தான் கோழி இருக்கே" என்று எந்த வீட்டில் சொல்ல முடியும்? கடைசியில் எங்களுக்கு மறுபடியும் அந்தக் குடமிளகாய்.

மெல்பன்_சித்தப்பா | ஜூன் 15, மதியம் 2.30

இங்கே நடுராத்திரி அடிக்கப்போகிறது, குளிர் வேறு. இருந்தாலும் இதற்கு பதில் போடாமல் தூக்கம் வராது.

தோசைக்கல். உங்கள் வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் இருக்கிறதல்லவா, பிளாஸ்டிக் பிடி இல்லாதது? அதைத் தணல் மேல் வையுங்கள். இந்த ஊரில் பார்பிக்யூ என்றாலே பாதி சமையல் தட்டையான இரும்புப் பலகையில்தான் நடக்கும். பூங்காவுக்குப் பூங்கா பொத்தானை அழுத்தினால் சுடுகிற மின்சார அடுப்பு இலவசமாக இருக்கிறது, எல்லாம் தட்டைப் பலகைதான். நாங்கள் தோசைக்கல்லைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பலகை மேலேயே வைத்துவிடுவோம். பன்னீர், காளான், வெங்காயம், கடைசியில் குழந்தைகளுக்குத் தோசை. அந்தக் கல்லில் எந்தக் காலத்திலும் அசைவம் பட்டதில்லை என்று கையில் அடித்துச் சொல்லலாம்.

வாளி அடுப்பும் தோசைக்கல்லும் சேர்ந்தால் சைவப் பிரச்சினை தீர்ந்தது. கல் சூடேறக் கால் மணி நேரம் கொடுங்கள், பிறகு எண்ணெய்.

(எங்களுக்குக் கோடை டிசம்பரில். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி, விறகு எதையும் பற்றவைக்கக் கூடாது. கேஸும் மின்சாரமும் மட்டும். அதற்கும் சுற்றி மூன்று மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, பத்து லிட்டர் தண்ணீரோ குழாயோ பக்கத்தில் வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். உங்கள் ஊர் மழையை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.)

ஸ்காபரோ_அண்ணை | ஜூன் 15, மாலை 6.00

கேஸைப் பற்றி ஒருவரும் நல்லதாகச் சொல்லவில்லையே! இங்கே கனடாவில் கோடை வந்தால் வேலை முடிந்து வந்து ஆறு மணிக்கு மூட்டி ஆறரைக்குச் சாப்பிடுகிறோம். கரி என்றால் அதற்குள் சாம்பல்கூடப் பூத்திருக்காது. யாராவது கேஸ் பாவிப்பதென்றால் இரண்டு விஷயம். குழாய் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கோ, குமிழி வந்தால் கசிவு. மூடியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேணும். மூடி போட்டபடி கேஸைத் திறந்தால் உள்ளே நிறைந்துபோய் முகத்துக்கு வெடிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் புருவம் வளர இரண்டு மாதம் எடுத்தது.

சரி, தம்பியிடம் கரிதான் இருக்கிறது. அப்படியென்றால் கத்தரிக்காய் சுடாமல் விட வேண்டாம். பெரிய கத்தரிக்காயில் கத்தி நுனியால் நாலைந்து இடத்தில் குத்தி (குத்தாவிட்டால் வெடிக்கும்), தணல் மேலேயே போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுங்கோ. தோல் முழுக்கக் கருகி, காம்பைப் பிடித்துத் தூக்கினால் துவண்டு தொங்க வேணும். தோலை உரித்துப் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக வெட்டிப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). எங்கள் ஊர்ச் சம்பல். பாணோடு (ரொட்டியோடு) சாப்பிடலாம். கேஸில் சுட்டால் அந்த மணம் வராது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

கேண்டீன்காரி (லெஸ்டர்) | ஜூன் 16, காலை 6.45

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கோழியைப் பற்றி நான் பேசாவிட்டால் யார் பேசுவது?

கோழியின் மிகத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 70 டிகிரி வந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இந்த நாட்டு உணவுத் தர முகமை சொல்லும் கணக்கு அது. வெளியே கருகிய நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கரி அடுப்பில் நிறம்தான் முதலில் வரும். கொத்துக்கறி கபாபுக்கும் இதே கணக்கு.

எலும்போடு இருக்கும் கால்களை முதலில் ஓவனில் 180 டிகிரியில் முழுதாக வேக வைத்துவிட்டு, நேராகத் தணலுக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் வாட்டுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாதி வேக வைத்து வெளியே வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது மட்டும் கூடாது. எலும்பில்லாத தொடைத் துண்டுகளை நேராகவே தணலில் போடலாம், 12 நிமிடம் போல ஆகும்.

பச்சைக் கறி வந்த தட்டில் வெந்த கறியை வைக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வார்கள். நான் அந்தத் தட்டைக் காலி ஆனதுமே உள்ளே அனுப்பிவிடுவேன். அப்புறம், கோழியைக் கழுவாதீர்கள். தண்ணீர் தெறித்து, அதிலிருக்கும் கேம்பிலோபேக்டர் கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி எல்லாவற்றிலும் ஒட்டும். வேகும் சூட்டில் தானாகச் செத்துப்போகிறதை நாமே கழுவித் தெளிக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூன் 16, காலை 7.20

கோழியைக் கழுவாமலா? மஞ்சள் போட்டு மூன்று தண்ணி கழுவாமல் கறியை அடுப்பில் ஏற்றினால் என் அம்மா எழுந்துவந்து கேட்பாள். அந்தக் கவுச்சி எப்படிப் போகும்?

கேண்டீன்காரி | ஜூன் 16, காலை 10.15

அக்கா, என் அம்மாவும் இதையேதான் சொல்கிறார். ஊரில் கறிக்கடையில் கண் முன்னால் வெட்டி, இறகும் ரத்தமுமாகப் பையில் போட்டுத் தருவதைக் கழுவித்தான் ஆக வேண்டும். இங்கே பொட்டலத்தில் வருவதைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சளை விட வேண்டாம், மசாலாவோடு சேர்த்துத் தடவுங்கள். தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள் மூன்றும் ஓர் இரவு ஊறினால் கவுச்சி எங்கே இருக்கும்?

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூன் 16, காலை 10.40

பார்க்கிறேன். சத்தியம் எல்லாம் பண்ணமாட்டேன்.

துருப்பிடித்த_கம்பி | ஜூன் 16, மாலை 7.30

பழைய அடுப்பு என்பதால் சொல்கிறேன். வலையைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் முள் ஒன்று உதிர்ந்து வலையில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குள் போய், ஆஸ்பத்திரியில் எடுத்தவர்கள் உண்டு. வலையை நன்றாகச் சூடாக்கி, பாதி வெங்காயத்தை நீளமான முள்கரண்டியில் குத்தி அதால் தேயுங்கள். நம் வீடுகளில் தோசைக்கல்லுக்குச் செய்கிறதுதான். எண்ணெயை வலையில் ஊற்றாமல் கறியில் தடவுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், சிவந்ததும் அதுவே விடும்.

புதுவீட்டுக்காரன் | ஜூன் 21, இரவு 9.50

எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு பட்டியல் போட்டேன். கோழி, ஆட்டுக் கொத்துக்கறி கபாப், பர்கர், மீன், இறால், பன்னீர், ஹலூமி சீஸ், சோளம், காளான், கத்தரிக்காய், அன்னாசி, உருளைக்கிழங்கு. அளவுதான் தெரியவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூன் 21, இரவு 10.20

என்ன தம்பி, கல்யாணமா? பன்னிரண்டு வகையை ஓர் அடுப்பில் யார் திருப்புவது? பாதியை வெட்டு. பர்கர், இறால், ஹலூமி, உருளைக்கிழங்கு நாலும் போகட்டும்.

அசைவம் 15 பேர். எலும்பில்லாத தொடைக்கறி இரண்டரை கிலோ, கால் 16, கொத்துக்கறி ஒரு கிலோ. எல்லாவற்றையும் ஹலால் கடையிலேயே வாங்கிவிடு, யாருக்கு எது என்ற பேச்சே வராது. மீனுக்கு ஆசைப்பட்டால் கானாங்கெளுத்தி ஆறு. எண்ணெய் உள்ள மீன், காய்ந்துபோகாது. ஈலிங் ரோட்டுக் கடைகளில் உறைய வைத்த வாழை இலை இருக்கும், அதில் சுற்று. சுற்றாமல் போட்டால் பாதி மீன் வலைக்குத்தான்.

பன்னீர் ஒன்றரை கிலோ, தயிர்சாதம் சொன்னது நூற்றுக்கு நூறு. சோளம் தலைக்கு ஒன்று. மெரினாவில் தருகிற மாதிரி எலுமிச்சை மூடியை மிளகாய்த்தூள் உப்பில் தொட்டுத் தேய்த்துக் கொடு, குழந்தைகளுக்கு வெண்ணெய்.

தொடைக்கறி மசாலா: அரை கிலோ கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது 6 மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 3, மல்லித்தூள் 2, மஞ்சள் 1, உப்பு 2, கரம் மசாலா ஒன்று, கடுகெண்ணெய் ஒரு சின்னக் குழிக்கரண்டி. முந்தின இரவே போட்டு ஃப்ரிஜ்ஜில் வை. எலுமிச்சை பிழிவது சுட்ட பிறகு. ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் கறி சொதசொதவென்று ஆகிவிடும். தேன், சாஸ் ஏதாவது தடவுவதென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில். சர்க்கரை முதலில் கருகும்.

ஒரு பெரிய பாத்திரம் எலுமிச்சை சாதம், ஒரு பாத்திரம் தயிர்சாதம் உள்ளேயே தயாராக இருக்கட்டும். யாருக்காவது எதுவும் பிடிக்கவில்லை என்றாலும் வயிறு நிறைந்துவிடும். தணல் பாட்டுக்குத் தணல் அதன் நேரத்துக்கு வரட்டும், யாரும் அடுப்பையே முறைத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

கேண்டீன்காரி | ஜூன் 22, காலை 6.50

இரண்டு சாதத்தையும் வெயிலில் மேசை மேல் மத்தியானம் முழுக்க வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோங்கள். தயிர்சாதம் ஃப்ரிஜ்ஜில்.

கரிக்கட்டை | ஜூன் 23, இரவு 8.40

மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூலையில் இங்கே மழைக்கு எதிராக யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள்.

கெஸீபோ கூடாரம் ஒன்று இரவல் வாங்குங்கள், ஆனால் அதன் கீழே மனிதர்கள், சாப்பாடு. அடுப்பு வெளியே. துணிக்கூரைக்குக் கீழே கரி அடுப்பை வைக்காதீர்கள். உங்கள் மரக்கொட்டகை, வேலி இரண்டிலிருந்தும் தள்ளி, கல் தரையில் வையுங்கள். உருண்டை அடுப்புக்கு மூடி இருக்கிறது, தூறலுக்கு அது போதும். நனைந்துகொண்டு சமைப்பது இந்த ஊர்ப் பண்பாடு.

விளையாட்டாக இல்லாமல் ஒன்று சொல்கிறேன். மழை வலுத்தால் அடுப்பைக் கொட்டகைக்குள்ளோ, கதவு திறந்த கராஜுக்குள்ளோ, கன்சர்வேட்டரி என்கிற கண்ணாடி அறைக்குள்ளோ தூக்கி வைக்காதீர்கள். சமையல் முடிந்து அணைந்த மாதிரி இருந்தாலும் கூடாது. சாம்பல் மூடிய தணல் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கூடாரத்துக்குள் குளிருக்கு பார்பிக்யூவை வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

சாம்பலும் அப்படித்தான். ஒரு வருடம் மறுநாள் காலையில் ஆறிவிட்டது என்று நினைத்துக் கறுப்புக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெழுகுவர்த்தி மாதிரி உருகிக்கொண்டிருந்தது. துளைகளை அடைத்து, மூடி போட்டு, இரண்டு முழு நாள் விடுங்கள்.

புதுவீட்டுக்காரன் | ஜூன் 23, இரவு 9.15

பக்கத்து வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்கிறார்கள். கரி போடலாமா?

கரிக்கட்டை | ஜூன் 23, இரவு 9.30

தோட்டத்தில் பார்பிக்யூ போடலாம், அந்த விதி வீட்டுப் புகைபோக்கி வழியாக வரும் புகைக்கு. ஆனால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் எல்லாரும் துணி காயப்போடுவார்கள். மிளகாய்ப் புகை ஏறிய படுக்கை விரிப்பை யார் மன்னிப்பார்கள்?

நூலகப்பூச்சி | ஜூன் 24, மதியம் 1.05

சமைக்கத் தெரியாதவன் தரக்கூடிய பங்கு: அந்த உருண்டை அடுப்பு 1952-இல் வந்தது. சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்தும் பாட்டைப் பொறுக்காமல், பட்டறையில் கடல் மிதவை செய்கிற இரும்புக் கோளத்தைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கால் வைத்தார், மேல்பாதிக்குப் பிடி வைத்து மூடியாக்கினார். பட்டறை பெயர் வெபர் பிரதர்ஸ். பிரிக்கெட் கரியை ஊரெங்கும் பரப்பியது கார் செய்த ஹென்றி ஃபோர்டு. 1920-களில் மாடல் டி காருக்கு மரம் அறுத்து மிஞ்சிய தூளையும் துண்டையும் கரியாக்கி, கட்டி பிடித்து விற்றார். ஆக, நீங்கள் மிதவைக்குள் கார்ப் பட்டறைக் கழிவை எரித்து செட்டிநாட்டுக் கோழி வாட்டப்போகிறீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூன் 24, மதியம் 1.30

செட்டிநாடு என்று யார் சொன்னது? மேலே மசாலாவைச் சரியாகப் படி.

புதுவீட்டுக்காரன் | ஜூலை 12, இரவு 11.25

முடிந்தது. கால் கெஞ்சுகிறது, ஆனால் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

ஒரு மணிக்கு வரச் சொன்னதற்கு முதல் குடும்பம் இரண்டே காலுக்கு வந்தது. நான் பயந்துபோய்ப் பன்னிரண்டரைக்கே பற்றவைத்த முதல் சிம்னி வீண். இரண்டாவது சிம்னிக் கரியைக் கொட்டியும் சூடு ஏறவே இல்லை. கால் மணி நேரம் விசிறினேன். கடைசியில் எட்டு வயது மகள் குனிந்து பார்த்து "அப்பா, கீழே மூடியிருக்கு" என்றாள். காற்றுத் துளைகள்! கரிக்கட்டை அண்ணன் முதல் பத்தியிலேயே சொன்னது. திறந்ததும் ஐந்தே நிமிடத்தில் தணல் சீறியது.

வாளி அடுப்பும் தோசைக்கல்லும்தான் நாளின் கதாநாயகர்கள். சைவ மாமி ஒருவர் வந்ததும் அந்தக் கல்லைத்தான் பார்த்தார். புதிதாக வாங்கிப் பழக்கியது என்று சொன்னதும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு "நகரு" என்றார். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பன்னீர், காளான், நடுவில் யாருக்கோ ஊத்தப்பம்கூடப் போட்டுக்கொடுத்தார். ஒன்றரை கிலோ பன்னீரும் மூன்றரை மணிக்குக் காலி. கடைசித் துண்டுகளைத் தின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவேளை, மாமி தன் ஆட்களுக்கு முன்னாலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தார்.

கால்கள் ஓவனில் வெந்து வந்ததால் கவலையே இல்லை. தொடைக்கறி முதல் சுற்றில் வெளியே அருமையாக இருந்தது. வெப்பமானி 58 காட்டியது. மூடி போட்டு மறுபக்கம் தள்ளினேன், ஆறு நிமிடத்தில் 75. வெப்பமானி இல்லாமல் இருந்திருந்தால் அப்படியே பரிமாறியிருப்பேன். மீனில் இரண்டு மட்டும் இலை பிரிந்து வலைக்குப் போனது.

மூன்று இருபதுக்கு மழை. எல்லாரும் கெஸீபோவுக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நிற்க, நான் குடையோடு அடுப்புக்குக் காவல். அப்போதுதான் வேலிக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தலை தெரிந்தது. துணிக்குச் சண்டை போட வருகிறார் என்று நினைத்தேன். "எதைப் பொசுக்குகிறீர்கள், இவ்வளவு நன்றாக மணக்கிறதே?" என்று கேட்டார். கத்தரிக்காய். ஸ்காபரோ அண்ணையின் சம்பலை ஒரு கிண்ணத்தில் ரொட்டியோடு வேலி மேல் வைத்துக் கொடுத்தேன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.

டென்னிஸ் பார்க்கிறேன் என்று உள்ளே போனவர்கள் யாரும் பாத்திரம் கழுவவில்லை. இதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்காபரோ_அண்ணை | ஜூலை 12, இரவு 11.50

கிண்ணம் வரும் தம்பி. வெறுமையாக வராது, பாருங்கோ.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஜூலை 13, காலை 7.00

கோழியைக் கழுவினாயா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

புதுவீட்டுக்காரன் | ஜூலை 13, காலை 8.10

நான் கழுவவில்லை அக்கா. நான் கரி வாங்கப் போயிருந்தபோது மாமியார் கழுவிவிட்டார்.

கரிக்கட்டை | ஜூலை 13, காலை 8.25

சாம்பலை எங்கே கொட்டினீர்கள்?

புதுவீட்டுக்காரன் | ஜூலை 13, காலை 8.30

துளையை அடைத்து மூடி போட்டு அப்படியே விட்டிருக்கிறேன். காலையில் கையை வைத்துப் பார்த்தேன், மூடி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. புதன்கிழமைதான் திறப்பேன்.